வேகத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும்

விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் கணினித் திரைக்கு, ஒரு விளையாட்டு விநாடிக்கு 200 படங்கள் வரைந்து அனுப்பினால் என்ன ஆகும்? மிகுதிப் படங்களை நாம் முழுமையாகக் காண்பதில்லை. ஆனால் அவற்றை வரையச் செலவான மின்சாரம் வெப்பமாகிறது, விசிறி இரைகிறது.

2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது, சாதாரண மெனுத் திரையிலேயே சில கணினிகள் அளவு மீறிச் சூடேறின. வேறு வேலை இல்லாததால், கிராஃபிக்ஸ் கார்டு அதே காட்சியை ஓயாமல் வரைந்துகொண்டிருந்தது! கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்து வரம்பிடும்படி, தயாரித்த நிறுவனமே வழி சொன்னது.

படங்கள் மிகுந்தால், நம் கையசைவுக்கு விளையாட்டு சற்று விரைந்து பதிலளிக்கும் என்பது உண்மையே. அது தேவைப்படுவோர் வரம்பை உயர்த்திக்கொள்ளட்டும். ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவருக்கே வேண்டும்.

நண்பர்களே, உங்கள் விளையாட்டின் அமைப்புகளில் அந்த வசதி இருக்கிறதா? தேடிப் பாருங்கள்.