எந்த மழையைக் கேட்கிறோம்?



குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற கோடையில் நாம் என்ன செய்கிறோம்? வானத்தைப் பார்க்கிறோம், பிறகு லாரிக்காரர் நம்பரைத் தேடுகிறோம். 2019-ல் நம் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். அந்த ஆண்டு மழை வேண்டி, கோயில்களில் நந்தியின் கழுத்தளவு நீர் நிரப்பி, அமிர்தவர்ஷினி ராகம் வாசித்து, யாகமும் நடத்தினார்கள். பல ஊர் முஸ்லிம் ஜமாஅத்துகள் திடலில் கூடி மழைத் தொழுகை நடத்தின.

அந்தத் தொழுகையைப் பார்த்திருக்கிறீர்களா? பெருநாள் கூட்டம் மாதிரி இருக்காது. புத்தாடை இல்லை, அத்தர் இல்லை. பழைய துணியில், தலை குனிந்து வருவார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் கூட அழைத்து வரச் சொல்வது உண்டு. இரண்டு ரக்அத் (சுற்று) தொழுகை, குத்பா என்ற உரை. நடுவில் இமாம் தோளில் கிடக்கும் துண்டை வலம் இடமாக மாற்றிப் போட்டுக்கொள்வார். நிலைமையும் இப்படிப் புரளட்டும் என்று அதற்குப் பொருள். துஆ (இறைவேண்டல்) கேட்கும்போது புறங்கை வானத்தைப் பார்க்கும்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வேலைதான். பகையைத் தீர், தர்மம் செய், அடுத்தவர் பொருளை எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் திடலுக்கு வரச் சொல்கிறார்கள்.

நபிமொழித் தொகுப்பான ஹதீஸில் ஒரு சம்பவம். மதீனாவில் வெள்ளிக்கிழமை குத்பா நடக்கிறது. ஒருவர் உள்ளே வந்து, கால்நடைகள் சாகின்றன, மழை கேளுங்கள் என்றார். நபிகள் நாயகம் கையேந்தினார்கள். ஒரு வாரம் விடாத மழை. அடுத்த வெள்ளி, வீடுகள் இடிகின்றன, நிற்கச் சொல்லுங்கள் என்று முறையீடு! எங்கள்மேல் வேண்டாம், சுற்றிலும் பெய்யட்டும், மலைகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேரடியிலும் பெய்யட்டும் என்று அப்போது வேண்டினார்கள்.

மலைகளில் பெய்யட்டும்! நமக்குச் சுருக்கென்கிறது, இல்லையா? 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. தீபமலைச் சரிவில் பாறையும் மண்ணும் உருண்டு விழுந்ததில் வ.உ.சி. நகர் வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்க, தென்பெண்ணை கரையோர ஊர்களைப் புரட்டிப் போட்டது.

மலையடிவாரத்தில் குடியிருந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஊருக்குள் வாடகை கட்ட முடியாதவர் வேறு எங்கே போவார்? ஆனால் ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயின்மேல் வாசல்படி கட்டியவர்களும், கார் நிறுத்த இடம் பிடித்தவர்களும் இருக்கிறார்களே! நம் தெருவிலேயே இருப்பார்கள். சில சமயம் நம் வீட்டிலேயே. திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் பட்டியலில் அந்தக் கால்வாயையும் சேர்க்க வேண்டாமா? கிரிவலத்தில் வருணலிங்கத்தைக் கும்பிட்டுக் கடக்கிற எல்லோருக்கும்கூட இது பொருந்தும்தானே?

உங்கள் தெருவில் முன்பு தண்ணீர் எந்த வழியாக ஏரிக்குப் போனது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்