பரீட்சை எழுதுவதா, கொடுப்பதா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன நம் பையன், "பரீட்சை கொடுத்துட்டுத்தான் வந்தேன் பாட்டி" என்கிறான். "யாருக்குடா கொடுத்தே?" என்று பாட்டி கேட்க, வீடே சிரிக்கிறது. மறுநாள் முதல் அவன் இந்தியில்தான் பதில் சொல்கிறான். போபாலில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. சிரிப்பவர்களுக்கு அது ஒரு நிமிஷ வேடிக்கை. அவன் தமிழ் பேசுவதையே விட்டுவிடுகிறான்.

அவன் சொன்ன சொற்களில் தவறில்லை. சேர்மானம்தான் இந்தி. தமிழில் பரீட்சை எழுதுகிறோம். இந்தியில் 'பரீக்ஷா தேனா', அதாவது கொடுக்கிறார்கள். ஆங்கிலத்திலோ மாணவன் பரீட்சையை 'டேக்' செய்கிறான். இந்தியில் 'பரீக்ஷா லேனா' என்றால் எடுப்பவர் வாத்தியார்! ஆகவே பக்கத்து வீட்டு இந்திக்காரப் பையன் 'கேவ் தி எக்ஸாம்' என்பான், நம் பையன் 'ரோட் தி எக்ஸாம்' என்பான். இரண்டும் அவரவர் வீட்டு மொழிதான், ஆங்கில வேஷத்தில்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவை இன்னும் அதிகம். 'குளியல் எடுத்தேன்', 'புது ஃபிரெண்ட்ஸ் செய்தேன்', 'தூக்கத்தில் விழுந்துட்டேன்.' இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சளி. ஆங்கிலத்தில் மனிதன் சளியைப் பிடிக்கிறான். தமிழில் சளி மனிதனைப் பிடிக்கிறது. வினைச்சொல் ஒன்றேதான், பிடிப்பவர் மாறிவிடுகிறார். 'நான் சளி பிடிச்சேன்' என்னும் குழந்தைக்கு, தனிச்சொல்லுக்குப் பொருள் தரும் அகராதியால் என்ன பயன்?

பெரியவர்களும் விலக்கல்ல. பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் நமக்கு ஒரே அடைமொழி. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. மழைக்கால ரிப்போர்ட்டுகளில் 'ஸ்ட்ராங் ரெயின்' எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் இலக்கண விதி கிடையாது, வழக்கம்தான்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். ஹெரால்டு பாமர் 1933-ல் டோக்கியோவில் இத்தகைய சேர்மானங்களைத் திரட்டி ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஹார்ன்பி, நண்பர்கள் இருவருடன் தொகுத்த அகராதி அங்கேயே 1942-ல் வந்தது. நம் பிள்ளைகள் புரட்டும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதிக்கு மூலம் அதுதான்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மட்டும் இன்னும் தனிச்சொல் பட்டியல். கப்ளிங் இல்லாத வேகன் யார்டில் நிற்கத்தான் லாயக்கு என்பது ரயில்வேக்காரன் அனுபவம். பெயரையும் வினையையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதலாமே: பரீட்சை எழுது, கனவு காண், பல் தேய், பொய் சொல், சளி பிடிக்கும், பசி எடுக்கும். மருந்தைச் சாப்பிடுகிறோம், போட்டோவை எடுக்கிறோம். (இந்தியில் போட்டோவை இழுக்கிறார்கள்!) வெளியிலிருந்து வந்த சேர்மானம் எல்லாவற்றையும் விரட்டச் சொல்லவில்லை. 'நடவடிக்கை எடு' ஆங்கில ஜாடையில் இருந்தாலும் இன்று யார் காதையும் உறுத்துவதில்லை.

ஜூனில் வகுப்பு தொடங்கும்போது வாரம் பத்துச் சேர்மானம் என்று ஆரம்பிக்கலாம். முதல் நான்கு வாரங்களுக்கான பட்டியலை எழுதித்தர நான் தயார்.