வலி மாத்திரையா, வாய்ப்பூட்டா?

விடியற்காலைப் பிரட்டில் நின்று "இடுப்பு வலிக்கிறது, ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். விடுப்பு வராது, இரண்டு மாத்திரை வரும். பெயரில்லாத மாத்திரை! "போட்டுக்கொண்டு நிரைக்குப் போ" என்ற உத்தரவும் கூடவே வரும். டெங்கில் வட்டாரத்தில் நாம் கண்ட காட்சி இது.

பெயர் தெரியாததை நாம் ஏன் விழுங்க வேண்டும்? மளிகைக் கடையில் துண்டாக வெட்டித் தரும் மாத்திரைக்கும் இதே கேள்விதான். பெனடோல் எனும் பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. மெலிந்தவரும், குடிப்பவரும், ஈரல் நோயுள்ளவரும் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே சரக்குத்தான். தெரியாமல் இரண்டையும் சேர்த்து அளவை மீறினால் ஈரல் கெடும். முதல் நாளில் ஒன்றும் தெரியாது.

போன்ஸ்தான் வேறு ரகம். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும். வெறும் தேத்தண்ணியோடு மரம் வெட்டப் போகிறவர் யார்? நாம்தானே! வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் தாக்கும். டெங்கிக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தால் போன்ஸ்தானையும் ஆஸ்பிரினையும் தொடவே கூடாது. இரத்தக் கசிவை அவை மோசமாக்கும். மழைநீர் தேங்கிய மங்குகளுக்கு நடுவே கொசுக்கடியில் நிற்கும் நமக்கு இதைச் சொல்ல ஆளில்லை!

மூட்டு வலிக்கு ஜாமு வாங்கி மூன்றே நாளில் எழுந்து நடந்தவர்கள் உண்டு. நடக்க வைத்தது வேரா? அத்தகைய சரக்குகள் சிலவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு களவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மால் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். நெடுநாள் தின்றவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. புட்டியோடு டாக்டரிடம் போங்கள்.

"மாத்திரை கொடுப்பது கருணையல்லவா?" என்று கேட்கும் கிராணிமாரும் உண்டு. நம் இனந்தான், வெட்கக்கேடு! டாக்டர் சீட்டிருந்தால் ஊதியத்தோடு நோய் விடுப்பு என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சேவை இரண்டாண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. அந்த நாட்களை விழுங்கும் மாத்திரையா கருணை?

மாத்திரை தருகிறவர் அட்டையோடு தரட்டும்; பெயரும் அளவும் சொல்லட்டும். வலி விடவில்லையென்றால் டாக்டரிடம் அனுப்பட்டும். மறுத்தால் தேதியையும், என்ன சொன்னார் என்பதையும் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத வராதவர் நம்மிடம் வரட்டும், நாம் எழுதித் தருகிறோம்.