பீரோவுக்குள் மைக்ராஸ்கோப்

எதிர் ஃப்ளாட் பெண் பதினோராம் வகுப்பு. சயின்ஸ் குரூப். போன வாரம் ரெக்கார்டு நோட்டும் கையுமாக வந்தாள். “அங்கிள், நல்ல பென்சில் இருக்கா? ஃபெர்ன் டயக்ராம் ஒண்ணு பாக்கி.”

ஃபெர்ன் என்றால் பெரணி. படத்தை முக்கால்வாசி போட்டிருந்தாள். குண்டாக ஒரு பை, அதைச் சுற்றி முக்கால் வளையம், உள்ளே கடுகு மாதிரி உருண்டை உருண்டையாக ஸ்போர்கள். அம்புக்குறி போட்டுப் பெயர்கள். அச்சடித்தது போலிருந்தது. மேலே தலைப்பு: ‘மைக்ராஸ்கோப்பில் கண்டது’.

“மைக்ராஸ்கோப்ல பாத்தியா?”

“எங்க அங்கிள்! அது பீரோல இருக்கு. பிராக்டிகல் எக்ஸாம் அன்னிக்குத்தான் எடுப்பாங்களாம். சீனியர் அக்கா நோட்டைப் பாத்து எல்லாரும் போட்டுட்டோம்.”

“பாக்காமலே ‘கண்டது’ன்னு எழுதியிருக்கியே?”

“அப்படித்தான் எழுதணும். இல்லேன்னா மார்க் கிடையாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பெண்ணோடு அல்ல.

என்னிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. அம்பாலாவில் செய்த மாணவர் மாடல். 100 மடங்கும் 450 மடங்கும் பெரிதாக்கும். ரிட்டயரானபின் சிலர் வீணை கற்றுக்கொள்கிறார்கள், நான் இதை வாங்கினேன். “வா, நிஜமாவே பார்த்துடலாம்” என்று கீழே அழைத்துப் போனேன். காம்பவுண்டு சுவரில் மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரணி தானாக முளைத்திருக்கிறது. யாரும் வைத்ததில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. டெரிஸ் விட்டாட்டா என்று பெயர். இந்தச் செடி மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அப்பேர்ப்பட்டதை வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளையடிக்கும்போது சுரண்டி எறிகிறோம்.

இலையைத் திருப்பினால் ஓரம் நெடுகப் பழுப்புக் கோடு. அதைக் குண்டூசியால் கொஞ்சம் கிளறி கண்ணாடித் துண்டில் வைத்தோம். ரெக்கார்டில் இருந்தபடியே ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர் ஸ்லிப். பார்த்தவள் கத்தினாள்: “தெரியுது அங்கிள்! ரவுண்டா, சுத்தி கறுப்பு பார்டர்!”

அது காற்றுக்குமிழி.

மைக்ராஸ்கோப் தொட்ட ஒவ்வொருவரும் முதலில் கண்டுபிடிப்பது காற்றுக்குமிழியைத்தான். நானும் அதைப் பார்த்துப் பரவசப்பட்டிருக்கிறேன். இரண்டாவது முறை தண்ணீர் வேண்டாம், கவர் ஸ்லிப் வேண்டாம் என்று அப்படியே வைத்தோம். டேபிள் லாம்ப்பைக் கிட்டே கொண்டுபோனேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பை மெல்ல வாயைத் திறந்தது. அதன் முதுகு வளையம் நிமிர்ந்து, பின்னால் வில்லாக வளைந்து, ஒரு கணம் நின்றது. டப்! சத்தமில்லை, ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது. ஸ்போர்கள் பறந்துபோய், பை காலியாகக் கிடந்தது. அவள் கண்ணை எடுக்காமல் “அய்யோ!” என்றாள். அந்த ‘அய்யோ’வுக்கு எந்த பிராக்டிகல் எக்ஸாமிலும் மார்க் இல்லை.

நடந்தது இதுதான். அந்த வளையத்தில் 12, 13 செல்கள். வெளிச்சுவர் மெல்லிசு, மற்ற சுவர்கள் தடி. உள்ளே தண்ணீர். அது ஆவியாகக் குறையும்போது மிச்சத் தண்ணீர் சுவரை விடாமல் உள்ளே இழுக்கிறது. வளையம் பின்னோக்கி வளைந்து பையைக் கிழிக்கிறது. ஒரு கட்டத்தில் தண்ணீரின் பிடி அறுந்து செல்லுக்குள் குமிழி வருகிறது. (இது நிஜக் குமிழி!) உடனே வளையம் கவண் போலத் திரும்பி வீசுகிறது. 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை அதிவேகக் காமிராவில் படம்பிடித்து அளந்தார்கள். ஸ்போர் கிளம்பும் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வரை. அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், சென்னை டிராஃபிக்கில் நம்மால் முடியாத வேகம். மனிதன் செய்த போர்க் கவணில் கையைப் பாதியில் தடுத்து நிறுத்த ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். பெரணியில் அது கிடையாது. வளையமே முதலில் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான நேரத்தில் பாய்ந்து, பிறகு தானாகவே நிதானித்துவிடுகிறது. சட்டத்தின் வேலையை அந்த நிதானம் செய்கிறது.

கவனியுங்கள். ரெக்கார்டில் சொன்னபடி தண்ணீர் விட்டு மூடியிருந்தால் இது எதையும் பார்த்திருக்க முடியாது. நனைந்த பை வெடிக்காது. இன்னொன்று: அவள் படத்தில் ஸ்போர்கள் உருண்டை. எங்கள் சுவர்ச் செடியின் ஸ்போர்கள் முக்கோணம் மாதிரி, சொரசொரப்பாக இருந்தன.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. பிறகு எப்படி முளைக்கிறது என்று குழம்பிய பழைய ஐரோப்பியர்கள், அதன் விதை கண்ணுக்குத் தெரியாது, அதை வைத்திருப்பவனும் மற்றவர் கண்ணுக்கு மறைந்துவிடுவான் என்று நம்பினார்கள். பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், கல்லூரிப் பக்கம் போகாதவர். தானே தேய்த்த லென்ஸில் தண்ணீருக்குள் நுண்ணுயிர்களைப் பார்த்ததாக 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் சும்மா நம்பவில்லை. அவர் எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ல் ராபர்ட் ஹூக் தானே செய்து பார்த்து, ஆமாம் இருக்கிறது என்ற பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். பார்த்தேன் என்றவரிடமே அவர்கள் சாட்சி கேட்டார்கள். நாம் பார்க்காதவர்களுக்குப் பத்துக்குப் பத்து போடுகிறோம்.

ஆசிரியர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். லென்ஸ் உடைந்துவிடும், யார் பதில் சொல்வது? உடையட்டும் சார். பீரோவிலேயே பூசணம் பிடித்துச் சாவதைவிட, நூறு பிள்ளைகள் பார்த்தபின் உடைவது மேல். ஐம்பது பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப்தானே? மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஸ்டான்ஃபோர்டு போன மனு பிரகாஷ், காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப்பை 2014-ல் வெளியிட்டார். மூலப்பொருள் செலவு ஒரு டாலருக்குள். காசு இல்லை என்பது காரணமே இல்லை. ஸ்மார்ட் கிளாஸில் வீடியோ காட்டுகிறோமே? காட்டுங்கள். ஆனால் வீடியோவில் காற்றுக்குமிழி வராது. வீடியோ தப்பாகப் போகாது. எது குமிழி, எது செல் என்று தானே தடுமாறிப் பிரித்தறிவதுதான் பாடம். மற்றதெல்லாம் சினிமா.

இது தாவரவியல் பிரச்னை மட்டும் இல்லை. பதினாறு வயதில் பார்க்காததற்கு ‘கண்டது’ என்று எழுதப் பழக்கிவிட்டு, அதே பிள்ளை நாற்பது வயதில் பாலத்துப் பக்கமே போகாமல் ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டால் ஏன் குய்யோ முறையோ என்கிறோம்? பயிற்சி கொடுத்தது நாம்தான். அதுவும் சயின்ஸ் லேபில் வைத்து.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பீரோவைத் திறங்கள். பார்த்து வரைந்ததற்கு ‘கண்டது’ என்றும், புத்தகத்தைப் பார்த்து வரைந்ததற்கு ‘புத்தகத்திலிருந்து’ என்றும் எழுதச் சொல்லுங்கள். ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று நேர்மையாக எழுதும் பிள்ளைக்கு ஒரு மார்க் போடுங்கள்.

வீட்டில் மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள், பழுப்புப் புள்ளியோ கோடோ உள்ள பெரணி இலையை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எடுத்தால் இலையின் உருவம் பழுப்புப் பொடியில் கோலம் போட்டிருக்கும். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்கு 64 ஸ்போர். எத்தனை பை என்று எண்ணிப் பார்க்க நினைத்தால் அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட வேண்டியிருக்கும்.

அந்தப் பெண் புதிதாக ஒரு படம் வரைந்தாள். கோணல்மாணல். வாய் கிழிந்த காலிப் பை, பக்கத்தில் நாலைந்து முக்கோணங்கள். முதல் படத்தின் அழகு இதில் பாதிகூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அங்கிள், எதை ஒட்டட்டும்? இதை ஒட்டினா மார்க் குறைஞ்சுடுமே?”

மார்க் அவளுடையது, உபதேசம் மட்டும்தான் என்னுடையது. பதில் சொல்லாமல் பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.