ரிக்கார்டு பிளேயருக்கும் பொருத்தம் பார்க்கணும்: ராஜபாளையம் மில்லும் தொட்டில் ஸ்பிரிங்கும் சொல்லும் கணக்கு

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரிங் பிரேமில் டிராவலர் என்று ஒரு குட்டி உலோகத் துண்டு இருக்கும். நகத்தளவுகூட இருக்காது. ஆனால் நூலின் கவுண்ட் மாறினால் அதையும் மாற்றியாக வேண்டும். மெல்லிய நூலுக்குக் கனமான டிராவலரைப் போட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். தடித்த நூலுக்கு லேசானதைப் போட்டால் நூல் வெளியே வீங்கிச் சுழலும். விலை உயர்ந்த டிராவலர் வாங்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. விஷயம் விலையில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊருக்குப் பழக்கமான பாடம் இது. இதே பாடத்தைத்தான் இசைத்தட்டு கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பரணில் கிடந்த ரிக்கார்டுகளை இறக்கி, புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். அடுத்த கேள்வி, "எந்த கார்ட்ரிட்ஜ் பெஸ்ட்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே தப்பு. "என் டோன்ஆர்முக்கு எது பொருந்தும்?" என்றுதான் கேட்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜ், டோன்ஆர்ம்: எது என்ன வேலை செய்கிறது?

தட்டின் மேல் நீண்டு நிற்கும் கைதான் டோன்ஆர்ம். அதன் நுனியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி கார்ட்ரிட்ஜ். அதற்குக் கீழே ஒரு மெல்லிய குச்சி, குச்சியின் முனையில் ஊசி. தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது. அதைப் பெருக்கிக் கொடுப்பது ஆம்பிளிஃபயர்.

ஊசி ஆட வேண்டும், கார்ட்ரிட்ஜ் ஆடக் கூடாது. மொத்த விஷயமும் இந்த ஒரு வரிதான். இரண்டும் சேர்ந்து ஆடினால் பாட்டு கெடும்.

அதென்ன பொருத்தம்?

நம்ம வீடுகளில் குழந்தைக்கு ஸ்பிரிங் வைத்துத் தொட்டில் கட்டுவோம் இல்லையா? அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்து விட்டால் அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். குழந்தை வளர்ந்து கனம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். விறைப்பான ஸ்பிரிங் மாட்டினால் ஆட்டம் வேகமாகும்.

ஊசிக் குச்சியைப் பிடித்திருக்கும் ரப்பர்தான் இங்கே ஸ்பிரிங். அது எவ்வளவு இளகிக் கொடுக்கும் என்பதற்குப் பெயர் கம்ப்ளையன்ஸ். டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்ததுதான் குழந்தை. இந்த ஜோடிக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதைத்தான் ரெசொனன்ஸ், அதாவது ஒத்ததிர்வு என்கிறார்கள்.

அந்த வேகம் எங்கே விழ வேண்டும்? நெளிந்த தட்டு ஊசியைத் தூக்கிப் போடுவது பெரும்பாலும் நொடிக்கு 6 முறைக்குள், அதாவது 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. நம் காதுக்குக் கேட்கும் இசை தொடங்குவது 20 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஆளில்லாத இடம் ஒன்று இருக்கிறது. 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை. ஜோடியின் ஆட்டம் அங்கே விழுந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நடுவில் இருப்பது 10. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், இதற்குப் பத்து ஹெர்ட்ஸ் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

பயப்பட வேண்டாம், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். டோன்ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ், கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை கம்ப்ளையன்ஸ் எண்ணால் பெருக்குங்கள். வந்ததற்கு வர்க்கமூலம் எடுங்கள். அதைக் கொண்டு 159-ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வந்துவிடும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் கைக்கு எஃபெக்டிவ் மாஸ், ஹெட்ஷெல்லோடு சேர்த்து, சுமார் 12 கிராம். ஆர்ட்டோபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகுக்கு 1 கிராம் வைத்தால் மொத்தம் 20.2. இருபதால் பெருக்கினால் 404. வர்க்கமூலம் 20.1. விடை 7.9 ஹெர்ட்ஸ். எல்லையில் நிற்கிறது, பரவாயில்லை.

அதே கார்ட்ரிட்ஜை 25 கிராம் எஃபெக்டிவ் மாஸ் உள்ள கனமான பழைய கையில் மாட்டினால்? விடை 6.2 ஹெர்ட்ஸ். தட்டின் நெளிவு இருக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டது. கார்ட்ரிட்ஜ் மோசமில்லை, கையும் மோசமில்லை. ஜோடிதான் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜப்பான் கம்பெனிகள் பலவும் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுகின்றன. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 100 ஹெர்ட்ஸில் 7 என்று இருக்கும். அதை அப்படியே போட்டால் மேலே சொன்ன 12 கிராம் கையில் 13.8 ஹெர்ட்ஸ் வரும், 'பொருந்தாது' என்று தள்ளிவிடுவீர்கள். ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆக்கிப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 10, 11 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அருமையான பொருத்தம்!

இன்னொரு குழப்பமும் உண்டு. எஃபெக்டிவ் மாஸ் என்பது கையைத் தராசில் வைத்தால் வரும் எடை அல்ல. ஊசி முனையில் அந்தக் கை எவ்வளவு கனமாக உணரப்படுகிறது என்பதுதான் அது. ஊசி தட்டை அழுத்தும் 2 கிராம், 1.8 கிராம் எல்லாம் வேறு கணக்கு. பின்பக்க எடையைத் திருகி அழுத்தத்தை மாற்றலாம். பொருத்தம் அதனால் வந்துவிடாது.

நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்?

முதல் காரணம் வெயில். வினைல் சூட்டில் இளகும் பொருள். மாசி, பங்குனியிலேயே ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். மொட்டை மாடிக்குக் கீழே பரணில் பல வருஷம் கிடந்த தட்டு நெளியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நெளியாத தட்டுக்குப் பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடிவிடும். நெளிந்த தட்டு மன்னிக்காது.

இரண்டாவது காரணம் அதிர்வு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஒரு தறி நிமிடத்துக்கு 150 முறை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 2.5. அதன் மூன்று மடங்கு 7.5. உங்கள் ஜோடியின் ஆட்டமும் அங்கேயே இருந்தால் தறிச்சத்தம் காதுக்குக் கேட்காவிட்டாலும் ஊசிக்குக் கேட்கும்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஊர். எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவையும், 1963-ல் வந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதமும் இன்று இணையத்தில் கிடைக்கும், தட்டு போனாலும் பாட்டு போகாது. ஆனால் கல்யாண வீடு, கோயில் கொடை என்று அலைந்த மைக் செட் அண்ணாச்சிகளின் பெட்டிகளில் இருந்த தட்டுகள் எல்லாமே அப்படி இல்லை. சில நாதஸ்வரத் தட்டுகள், சில பக்திப் பாடல்கள், வசனத் தட்டுகள் எந்தச் செயலியிலும் இல்லை. அவற்றுக்கு அந்தத் தட்டுதான் ஒரே பிரதி. பள்ளத்தின் நுணுக்கமான சுவரைத் தேய்ந்த ஊசி ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

78 தட்டு இருந்தால்?

இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960-களிலும் வந்துகொண்டிருந்தன. அதனால் பரணில் இரண்டு வகையும் கலந்தே கிடக்கும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும். எல்.பி. ஊசி சுமார் 18 மைக்ரான்தான். அது 78-ன் பள்ளத்துக்கு அடியில் போய் அழுக்கை வாரிக்கொண்டு ஓடும், சத்தம் இரைச்சலாக வரும். சில கார்ட்ரிட்ஜ்களில் ஊசியை மட்டும் கழற்றி 78-க்கான ஊசியை மாட்டலாம். மேலே சொன்ன விஎம்95 வரிசையில் அந்த வசதி உண்டு. டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமபோனின் இரும்பு ஊசியால் எல்.பி.யைத் தொடவே கூடாது.

'இதெல்லாம் ஓவர்' என்பவர்களுக்கு...

"அந்தக் காலத்தில் யாரும் கணக்கு போடலையே, பாட்டு கேட்கலையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைய ஒயர்லெஸ் கடை பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருந்தது. கை, கார்ட்ரிட்ஜ், ஆம்பிளிஃபயர் மூன்றையும் கம்பெனியே ஜோடி சேர்த்துக் கொடுத்தது. பொருத்தம் பார்க்கும் வேலையை வேறு யாரோ செய்துவிட்டார்கள். இன்று நாமே தனித்தனியாக வாங்கிச் சேர்க்கிறோம், அதனால் அந்த வேலை நம் தலையில்.

அந்தப் பழைய பெட்டி பிளேயர் வைத்திருப்பவர்கள் காந்தக் கார்ட்ரிட்ஜ் வாங்கி மாட்ட முயல வேண்டாம். செராமிக் கொடுக்கும் மின்னழுத்தம் மிக அதிகம். காந்த வகை கொடுப்பது 5 மில்லிவோல்ட் அளவுதான். அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் தனியாக வேண்டும். புது ஊசி மட்டும் போட்டு அதை அதன் வழியில் விடுவதே நல்லது. ஆனால் அந்தப் பெட்டிகள் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். சூட்கேஸ் மாடலில் வரும் இன்றைய மலிவு பிளேயர்கள் பலவும் அப்படித்தான். ஒரே பிரதியாக இருக்கும் தட்டை அவற்றில் போடாதீர்கள்.

7 ஹெர்ட்ஸ் வந்தால் உலகம் அழிந்துவிடாது, 13 வந்தாலும் அப்படித்தான். இது சட்டமல்ல, வழிகாட்டி. பார்த்து வாங்கினால் 5,000 ரூபாய் கார்ட்ரிட்ஜே 50,000 ரூபாய் கார்ட்ரிட்ஜை விட நன்றாகப் பாடும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால் என்ன செய்வது?

பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் பெரிய கோனைப் பாருங்கள். பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் முன்னும் பின்னும் மெதுவாகத் துடித்தால் ஜோடி சரியில்லை என்று சந்தேகப்படலாம். கணக்கில் ஹெர்ட்ஸ் அதிகமாக வந்தால் கனம் கூட்ட வேண்டும். கொஞ்சம் கனமான ஹெட்ஷெல் போதும். குறைவாக வந்தால் லேசான ஹெட்ஷெல், அல்லது விறைப்பான கார்ட்ரிட்ஜ். எதை மாற்றினாலும் ஊசி அழுத்தத்தை மறுபடி அளந்து வையுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு கோரிக்கை. டர்ன்டேபிள் விற்கும் தளங்கள் ப்ளூடூத் இருக்கிறதா, என்ன நிறம் என்பதையெல்லாம் பெரிதாகப் போடுகின்றன. எஃபெக்டிவ் மாஸ், கம்ப்ளையன்ஸ் என்ற இரண்டு எண்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் தானாகப் போடுவார்கள். எனவே அடுத்த முறை ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். பரணில் இருக்கும் தட்டு இத்தனை வருஷம் காத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.