விரலில் பிழையில்லை

கிற்றார் பழகத் தொடங்கி மூன்றாம் நாலாம் மாதத்தில் விட்டவர்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் அலுமாரிக்கு மேலேயும் கட்டிலுக்குக் கீழேயும் தூசி படிந்து கிடக்கிற கிற்றார்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஏன் விட்டாய் என்று கேட்டால், "எனக்கு அது சரிவரேல்லை" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கிண்டினால் மிச்சக் கதை வரும். "எஃப் கோர்ட் பிடிக்கவே ஏலாமல் போச்சு. விரல் விண்விண் எண்டு நோகும். எனக்கு விரல்ப் பலம் காணாது எண்டு சேர் சொன்னவர்."

இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. பல நேரங்களில் பழுது இருப்பது இரண்டு சின்னத் துண்டுகளில். ஒன்று நட். கழுத்தின் தலைப்பக்கத்தில், கம்பிகள் முடுக்கிகளுக்குப் போகுமுன் பள்ளம் பள்ளமாகத் தங்கிச் செல்லும் துண்டு. மற்றது சாடில். வீணையிலும் வயலினிலும் குதிரை என்கிறோமே, கிற்றாரில் அந்தக் குதிரையின் முதுகில் செருகியிருக்கும் மெல்லிய வெள்ளைத் துண்டு. சேணம் என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான். கம்பி அதிர்வது இந்த இரண்டுக்கும் இடையில். அது விரற்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதையும், கழுத்தின் வளைவோடு சேர்ந்து, இவைதான் தீர்மானிக்கின்றன.

விலை குறைந்த கிற்றார்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் தேவைக்கு மேல் உயரமாக இருக்கத்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. காரணம் எளிது. கம்பி தாழ்ந்திருந்தால் ஃபிரெட்டில் பட்டு இரையும். இரைகிற கிற்றாரை வாங்கினவர் திருப்பிக் கொண்டுவருவார். உயரமாக இருந்தால் இரையாது, விரல்தான் நோகும். விரல் நோகுது என்று யாரும் திருப்பிக் கொண்டு போவதில்லை. ஒவ்வொரு கிற்றாரையும் கையால் அளந்து, அராவி, சரிபார்க்க நேரம் வேண்டும், நேரம் என்றால் காசு. அந்தச் செலவை மிச்சம் பிடித்து, அதன் வலியைப் பழகுபவரின் விரலில் ஏற்றிவிடுகிறார்கள்.

அதற்குமேல் எங்கட காலநிலை. மாரியில் ஈரக் காற்றைக் குடித்து மேற்பலகை உப்பும், கம்பி இன்னும் உயரும். நல்ல வெயிலில் காய்ந்தால் இறங்கும். ஒருமுறை சரிபார்த்தால் ஆயுளுக்கும் போதும் என்பது எந்த மர வாத்தியத்துக்கும் பொருந்தாது.

இதெல்லாம் தெரியாத மக்களா நாங்கள்? கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசி, வாரை இழுத்து, தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறோம். தம்புராவின் குதிரையில் கம்பிக்கடியில் ஒரு நூலை வைத்து, அதை மயிரிழை அளவு நகர்த்தி நாதத்தைக் கொண்டுவருவார்கள். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். வாத்தியத்தைப் பேணுவது வாசிப்பின் ஒரு பகுதி என்று அங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை பாடிய காலத்திலிருந்து கிற்றாரும் எங்கட வாத்தியம்தான். தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறது, பள்ளிக்கூட மேடையில் இருக்கிறது, கலியாண வீட்டு பைலாவில் இருக்கிறது. ஆனாலும் அதைப் பெட்டியில் வந்த சாமான் மாதிரியே பார்க்கிறோம். வாங்கினோம், வைத்திருக்கிறோம், பழுதானால் வேறொன்று.

"வேறொன்று வாங்கு" என்பதுதான் அடுத்த அறிவுரை. "இது பழகிற கிற்றார் தம்பி, நல்லதொண்டு எடுத்தால் சுகமா இருக்கும்." 2022இல் ரூபாய் விழுந்தபோது சில மாதங்களுக்குள் டொலர் 200 சொச்சத்திலிருந்து 350ஐத் தாண்டியது. கிற்றாரும் கம்பியும் வெளியிலிருந்து வருகிற சாமான்கள். அதற்குப் பிறகும் ஒரு தகப்பனிடம் போய் இரண்டாவது கிற்றார் வாங்கித் தாங்கோ என்று பிள்ளை கேட்க வேணுமாம். புதுசிலும் நட்டும் சாடிலும் உயரமாக இருந்தால் என்ன செய்வது? மூன்றாவதா?

எதிர்க்கதை ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. உருக்குக் கம்பியில் பழகினால் முதல் சில கிழமைகளுக்கு யாருக்கும் விரல் நோகும். எவ்வளவு நல்ல கிற்றாரிலும் நோகும். விரல் காய்க்கத்தான் வேணும். ஆனால் காய்ப்பதற்கான வலி வேறு, பிழையான உயரத்தோடு மல்லுக்கட்டுகிற வலி வேறு. முதலாவது குறைந்துகொண்டே போகும். இரண்டாவது குறையாது. அதோடு சுருதியும் கெடும். உயரமான கம்பியை ஃபிரெட் வரை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு, சத்தம் கூர்ந்துவிடும். ரியூனரில் திறந்த கம்பி சரியாக இருக்கும், கோர்ட் பிடித்தால் பிசகும். பிள்ளை தன் காதையும் சந்தேகிக்கத் தொடங்கும். வலியைத் தாங்குவதுதான் திறமை என்று சொல்கிறவர்கள், சின்னக் கையுள்ள பிள்ளைகளையும் இரவல் கிற்றாரில் பழகுகிறவர்களையும்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்கள்.

ஆகவே தீர்ப்புச் சொல்லமுதல் அளவுங்கள். மில்லிமீற்றர் அடிமட்டம் ஒன்று போதும். 12ஆம் ஃபிரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை பாருங்கள். உருக்குக் கம்பிக் கிற்றாரில் தடித்த 6ஆம் கம்பிக்கு ஏறத்தாழ 2.4, மெல்லிய 1ஆம் கம்பிக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் வழமையான அளவு. 3.5, 4 என்று வந்தால் உங்கட விரலைக் குற்றம் சொல்லாதேங்கோ. அடுத்தது, ஒரு கம்பியை 3ஆம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு 1ஆம் ஃபிரெட்டுக்கு மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் தெரிய வேணும். நிறையத் தெரிந்தால் நட் உயரம். கப்போ இருந்தால் 1ஆம் ஃபிரெட்டில் போட்டுப் பாருங்கள். திடீரென்று வாசிக்கச் சுகமாகி, சுருதியும் சேர்ந்தால் குற்றவாளி நட்தான்.

சாடிலைத் தாழ்த்துவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. முதலில் கழுத்தைப் பாருங்கள். அது அளவுக்கு மேல் வளைந்திருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம். கம்பியைத் தளர்த்தினால் சாடில் பெரும்பாலும் கையோடு வரும். வராமல் ஒட்டியிருந்தால் பலவந்தம் செய்ய வேண்டாம். 12ஆம் ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே அரை மில்லிமீற்றர் குறைய சாடிலில் ஒரு மில்லிமீற்றர் குறைக்க வேணும். அதன் மேல்விளிம்பைத் தொடாதீர்கள், அந்த வளைவும் சரிவும் சுருதிக்காகச் செய்தவை. கண்ணாடித் துண்டொன்றின் மேல் சாண்ட்பேப்பரை ஒட்டி, சாடிலின் அடியை நேராக உரையுங்கள். பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னமே நிறுத்தி, திரும்பப் பூட்டி அளவுங்கள். அடி மட்டமாக இருக்க வேணும். சாடிலுக்குக் கீழே பிக்கப் உள்ள கிற்றாரென்றால் மேடும் பள்ளமும் சில கம்பிகளின் சத்தத்தைத் தின்றுவிடும்.

புதுச் சாடில் போடுகிறவர்கள் பள்ளத்தின் அகலத்தைச் சரியாகப் பார்க்க வேணும். தளர்வாக இருந்தால் கம்பியின் இழுவையில் முன்னுக்குச் சரிந்து, காலப்போக்கில் குதிரையையே வெடிக்க வைக்கும். சாதாரண உருக்குக் கம்பிச் செற் ஒன்றின் மொத்த இழுவை 70 கிலோவுக்கு மேல் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

நட் கொஞ்சம் பொறுமை கேட்கும். பள்ளம் கம்பியின் தடிப்புக்கேற்ப இருந்து, முடுக்கிப் பக்கம் சரிய வேணும். கம்பி கடைசியாகத் தொட்டு விலகும் இடம் விரற்பலகைப் பக்க விளிம்பாக இருக்க வேணும். நகை வேலை செய்கிறவர்களிடம் உள்ள மெல்லிய அரங்கள் இதற்கு உதவும். இரண்டு தரம் அராவி, ஒருதரம் கம்பியைப் போட்டுப் பாருங்கள். ஆழம் கூடிப்போனால் திறந்த கம்பி இரையும். அப்பச்சோடாவும் சுப்பர் குளூவும் வைத்துப் பள்ளத்தை நிரப்பி மீண்டும் அராவலாம், ஆனால் அது தற்காலிக வைத்தியம். முடுக்கும்போது "டிங்" என்று கம்பி துள்ளினால் பள்ளத்தில் இறுகுகிறது என்று அர்த்தம். பென்சில் கரியைக் கொஞ்சம் தேய்த்தால் பெரும்பாலும் சரிவரும். கம்பி மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பள்ளங்களைத் துடைத்து, சாடிலில் கம்பி அறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் "எலும்பு போடு, நாதமே மாறும்" என்று இன்னொரு கூட்டம் வரும். மாட்டெலும்பு நல்ல பொருள்தான். உள்ளே கோறையான மலிவுப் பிளாஸ்ரிக்கை விட வன்மையானது, தேய்வதும் குறைவு. ஆனால் பிழையான உயரத்தில், தளர்வாகப் பூட்டின எலும்பைவிட, அளவாகப் பூட்டின பிளாஸ்ரிக் எவ்வளவோ மேல். எலும்பை உரைக்கிறவர்கள் முகக்கவசம் போட வேணும், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. யானைத் தந்தத்தைப் பற்றி யாரும் பெருமையாகக் கதைத்தால் காதில் போடாதேங்கோ. 

எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம் என்று கதை விட நாங்கள் வரவில்லை. குதிரை பலகையை விட்டுக் கிளம்பியிருந்தால், கழுத்து முறுகியிருந்தால், சாடிலில் குறைக்கவே இடமில்லையென்றால், அது தெரிந்தவர் கைக்குப் போக வேணும். பழைய நட்டையும் சாடிலையும் எறியாதீர்கள். புதுசு பிழைத்தாலும் பழசு கையில் இருக்கும். ஆனால் "உனக்கேன் இந்த வேலை, கொழும்புக்குக் கொண்டுபோ" என்பதை எல்லாவற்றுக்கும் பதிலாக ஏற்கவும் ஏலாது. பஸ்காசும் கூலியும் சேர்ந்து கிற்றாரின் விலையை எட்டினால் அந்தக் கிற்றார் அலுமாரிக்கு மேலேதான் போகும்.

எங்கட கோரிக்கைகள் பெரியவை இல்லை. கிற்றார் விற்கிற கடை, விற்கும்போது கம்பி உயரத்தைச் சரிபார்த்துக் கொடுக்க வேணும். அதற்கு நியாயமான கூலி கேட்டாலும் பரவாயில்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் கோர்ட்டைச் சொல்லிக்கொடுக்க முதல் பிள்ளையின் கிற்றாரை வாங்கி அளந்து பார்க்க வேணும். கிற்றார் வைத்திருக்கிற பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் வருசத்தில் இரண்டு தரம், மாரிக்கு முன்னும் பின்னும், அவற்றை எடுத்துப் பார்க்க வேணும். நீங்கள், வாசிப்பை விட்ட சிநேகிதர் ஒருவரின் வீட்டுக்கு அடிமட்டத்தோடு போங்கள். அளந்து, அந்த இலக்கத்தை அவருக்குச் சொல்லுங்கள்.