மே கடைசியில் கேரளா டூரா? மழையில் நனையலாம், கடலில் இறங்க வேண்டாம்!

கோடை விடுமுறையின் கடைசி வாரம். பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போக வேண்டும். மதுரை, திருநெல்வேலி, கோவைப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கேரளக் கடற்கரைதான். ‘ஜூன் ஒண்ணாம் தேதிதானே மழை ஆரம்பிக்கும், அதுக்குள்ள கோவளம், வர்க்கலா, ஆலப்புழை பார்த்துட்டுத் திரும்பிடலாம்’ என்று கணக்குப் போட்டு ரூம் புக் செய்கிறார்கள்.

2025-ல் அந்தக் கணக்கு தப்பியது. தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளாவில் தொடங்கிவிட்டது. 2024-ல் மே 30, 2023-ல் ஜூன் 8. ஆக, ஜூன் 1 என்பது வெறும் சராசரித் தேதி. ஒரு வாரம் முன்னே பின்னே ஆவது சகஜம்.

அதற்காக டூரையே ரத்து செய்ய வேண்டுமா? அவசியமில்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் போதும்.

நாள் முழுக்கப் பெய்யுமா?

ஜூன் மாதத்தில் மட்டும் கேரளாவில் சராசரியாக 65 செ.மீ. மழை பெய்கிறது. சென்னை ஆண்டு முழுவதும் பெறும் மழையில் இது கிட்டத்தட்ட பாதி. ஆனால், இது ஒரே சீராகப் பெய்வதில்லை. பருவமழை தொடங்கும்போது இரண்டு மூன்று நாட்கள் விடாமல் கொட்டலாம். பிறகு ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கும், அடுத்த மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். அதனால் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று மட்டும் திட்டமிடுங்கள். ஃபோர்ட் கொச்சி, அரண்மனை, மியூசியம் என்று கூரையுள்ள இடங்கள் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

ஆபத்து கடலில்!

மழையைவிடக் கடலிடம்தான் அதிகக் கவனம் தேவை. பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அலைகள் உயரும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பும்போது, காலை வாரி உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் உருவாகும். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்பவரையும் அடுத்த அலை சாய்த்துவிடும்.

மழையே இல்லாத நாளிலும் இந்த ஆபத்து உண்டு. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயலால் எழும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, இங்கே காற்றே இல்லாதபோது கரையேறும். சொல்லாமல் வருவதால் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2024 மே மாதம், இப்படி ஒரு எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள்.

சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். லைஃப் கார்டு விசில் அடித்தால் வாக்குவாதம் வேண்டாம். அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது.

நிறத்தைப் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. ‘கேரளாவில் மழை’ என்ற பொதுவான செய்தியை நம்பாமல், நீங்கள் போகும் மாவட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஒரே நாளில் 6 முதல் 11 செ.மீ. வரை மழைக்கு வாய்ப்பு, குடையோடு சமாளிக்கலாம். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ.; மலைப்பாதை, அருவி, படகு சவாரி மூன்றையும் தள்ளிப்போடுங்கள். ரெட் அலர்ட் என்றால் அதற்கும் மேல். இருக்கும் இடத்தைவிட்டு நகராதீர்கள். இந்த நாட்களில் மாவட்ட நிர்வாகமே சுற்றுலாத் தலங்களை மூடிவிடுவதும் உண்டு. எனவே ஹவுஸ்போட்டுக்கு முன்பணம் கட்டும்போதே, ‘அலர்ட் வந்து படகு ஓடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

பெட்டியில் என்ன இருக்கட்டும்?

காற்றில் குடை மடங்கிவிடும். ஆளுக்கொரு ரெயின்கோட் நல்லது. ஷூ நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. வழுக்காத ரப்பர் செருப்பு போதும். ஜீன்ஸுக்குப் பதில் சீக்கிரம் காயும் உடைகள், போனுக்கு ஒரு ஜிப் கவர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் கையில் இருக்கட்டும். தேங்கிய தண்ணீரில் பிள்ளைகளை வெறுங்காலில் விளையாட விடாதீர்கள். மழைக்காலத்தில் அங்கே எலிக்காய்ச்சல் பரவுவது வழக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசுவது. கடலைப் பார்த்த பிறகு ‘இறங்காதே’ என்றால் யார் கேட்பார்கள்? வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: “இந்தத் தடவை கடலைப் பார்க்கத்தான் போறோம், குளிக்க இல்லை.”